ஆதார் அட்டையைப் பார்க்காமல் மாலை போட்டவர்

இதை எழுதுகிறவர் தன்னை ‘அவர்’ என்று குறிப்பிடுவது தன்னடக்கத்தால் அல்ல. ‘நான்’ என்ற சொல்லுக்கு அவர் வீட்டில் வேறொருவர் பேரில் பட்டா இருக்கிறது.

மதுரைக்காரர், பணி ஓய்வு பெற்றவர். மனைவி பள்ளித் தலைமை ஆசிரியை. கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டால் 41 நாள் நிம்மதி என்பது அவர் கணக்கு. தனிப் பாய், சாயந்திரமானால் குருசாமி வீட்டில் பஜனை. கறுப்பு வேட்டிக்காரரிடம் “கொத்தமல்லி ஏன் வாடியிருக்கு?” என்று விசாரணை நடக்காது. துளசிமணி மாலை, வேட்டி எல்லாம் வாங்கியாயிற்று.

சறுக்கியது ஓரிடத்தில்தான். சபரிமலைக்குப் பெண்களே போகக் கூடாது என்று நினைத்திருந்தார். வழக்கத்தில் இருந்த தடையோ 10 முதல் 50 வயது வரையிலான பெண்களுக்கு மட்டும். 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும் அதைப் பற்றித்தான். ஐம்பதைத் தாண்டியவர்கள் மாளிகைப்புரமாக இருமுடி சுமந்து காலங்காலமாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

மாலை போடுகிற அன்று கோயில் வாசலில் மனைவி கேட்டார்: “ஏங்க, எனக்கும் அம்பத்திரண்டு ஆயிருச்சுல்ல?”

குருசாமி கொஞ்சம் யோசித்திருக்கலாம். அவருக்கும் கல்யாணமாகி 30 வருஷம். பைக்குள் கைவிட்டு இன்னொரு மாலையை எடுத்தார்.

அன்றிலிருந்து மனைவியை ‘சாமி’ என்றே கூப்பிட வேண்டும். மாலை போட்டவர்களுக்குள் அதுதான் முறை. மனசுக்குள் நடந்துவந்தது சம்பிரதாயமாகிவிட்டது. அதிகாலை 4 மணிக்கு, “சாமி, எந்திரிங்க, பச்சத்தண்ணி ரெடி.” இருமுடி கட்டும்போது தேங்காய்க் கண்ணில் நெய் ஊற்றிய கை நடுங்கி நாலு சொட்டுச் சிந்தியது. “நெய் என்ன விலை விக்கிது தெரியுமா சாமி?”

பயணம் அரையாண்டு விடுமுறையில். பம்பையில் குளித்து, நீலிமலை ஏறி, அப்பாச்சிமேட்டில் மூச்சு வாங்க உட்கார்ந்தார். மேலேயிருந்து வகுப்பறைக் குரல் இறங்கி வந்தது. பக்கத்தில் இருந்த நாலு சாமிமாரும் சேர்ந்து எழுந்தார்கள்.

ஆகவே, கணவர்களே, மாலைக்கு முன் மனைவியின் ஆதாரில் பிறந்த ஆண்டைப் பாருங்கள். ஐம்பது தாண்டியிருந்தால் பழநிக்குப் பாதயாத்திரை போகலாமே என்று கிளம்பிவிடாதீர்கள், அங்கே வயது வரம்பே கிடையாது. “பேசித் தீர்த்திருக்கலாமே மாமா” என்கிற மைத்துனர்களை நம்பாதீர்கள். அக்காவிடம் பேசிப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்ன மைத்துனர் கோயம்புத்தூரில் வேலை தேடிக்கொண்டார்.

18-ம் வருஷம் மலையில் தென்னங்கன்று வைப்பது வழக்கம் என்று மனைவிக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். காலண்டருக்குப் பின்னால் பென்சிலில் கணக்கு எழுதியிருக்கிறது: இன்னும் 17.