கடைக்கு அனுப்பும் பிள்ளை

தறியில் அமர்ந்தபடியே, "ஒரு கட்டுப் பீடி வாங்கி வா" என்று மகனை அனுப்பும் வழக்கத்தை அங்கத்தினர் வீடுகள் பலவற்றில் நாம் கண்டிருக்கிறோம். அவ்வாறு சென்றுவந்த சிறுவன் ஒருவன் இன்று தானே நாளொன்றுக்கு இரு கட்டுப் புகைக்கிறான். 18 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலை விற்பதை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதனை மீறக் கடைக்காரரைத் தூண்டுபவர், ஐயோ, தந்தையே!

பீடிப் புகையிலுள்ள நிகோடின் சில விநாடிகளில் மூளையை எட்டி இன்ப உணர்வை எழுப்புகிறது. நாளடைவில் மூளை அதற்குப் பழகி, கிட்டாதபோது தவிக்கிறது. ஏறத்தாழ 25 வயது வரை மூளை வளர்ச்சி முற்றுப்பெறாமையால், இளையோரை இப்பழக்கம் எளிதில் பற்றும். அடித்தால் பிள்ளை ஒளிக்கக் கற்பானேயன்றி, விடக் கற்கமாட்டான்.

விட இயலாத தந்தை தம் தவிப்பை மகனிடம் மறையாது கூறலாம். அறிவுரையினும் அது பயன் தரும். பீடியைத் தாமே சென்று வாங்கலாம். தறியை விட்டு எழவேண்டுமே என்ற சலிப்பினாலேயே ஒரு கட்டுக் குறையவும் கூடும்.