தர்பூசணி: முழுப் பழமாக வாங்குங்கள், வெட்டியதை வாங்காதீர்கள்

பங்குனி பிறந்துவிட்டது. திண்டிவனம், மரக்காணம் பக்கம் மார்கழி, தையில் விதைத்த கொடிகள் காய்த்து, பழம் லாரி லாரியாக இறங்குகிறது. கத்திரி முடியும்வரை தெருவுக்குத் தெரு தர்பூசணிதான். வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

பழம் பார்த்து எடுக்க

1. பழத்தைப் புரட்டி, தரையில் கிடந்த பக்கத்தைப் பாருங்கள். அந்தத் திட்டு வெண்ணெய் போல மஞ்சளாக இருந்தால் பழுத்தது. வெள்ளையாகவோ வெளிர் பச்சையாகவோ இருந்தால் காய், வேண்டாம்.

2. ஒரே அளவில் இரண்டைத் தூக்கிப் பாருங்கள். கனமானதை எடுங்கள்.

3. விரலால் தட்டுங்கள். ‘டங்’கென்று கணீர் என ஒலித்தால் காய். ‘தொப்’பென்று மந்தமாகக் கேட்டால் பழம்.

4. தோல் மங்கலாக, கெட்டியாக இருக்கட்டும். பளபளப்பு காயின் அடையாளம். அமுங்கினாலோ கசிந்தாலோ விடுங்கள்.

5. வரிப் பழமா, கரும்பச்சை சுகர் பேபியா என்பது ரகத்தைப் பொறுத்தது. அதை வைத்து இனிப்பைச் சொல்ல முடியாது. ஆண் பழம், பெண் பழம் என்று எதுவும் இல்லை.

6. பறித்த தர்பூசணி மேற்கொண்டு பழுக்காது. மாங்காயை வைப்பதுபோல் வைத்துக் காத்திருந்து பயனில்லை. கடையிலேயே சரியாகத் தேர்ந்தெடுங்கள்.

ஊசி வதந்தி

2025 கோடையில் சிவப்புச் சாயத்தை ஊசியில் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு கைபேசி வழியாக ஊரெங்கும் பரவியது. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட பழம் பிடிபடவில்லை என்று அதிகாரிகள் விளக்கம் தருவதற்குள் விலை சரிந்துவிட்டது. வாங்க ஆளில்லாமல் பழங்கள் வயலிலேயே கிடந்து அழுகின. ஊசியில் ஏற்றும் சாயம் பழம் முழுக்கச் சீராகப் பரவாது; குத்திய இடம் கசிந்து சீக்கிரம் கெட்டுவிடும். சதையில் ஓடும் வெள்ளை நரம்பும், நடுவில் விழும் வெடிப்பும் வளர்ச்சியில் வருபவை. அவற்றால் தீங்கில்லை.

இல்லாத ஊசிக்குப் பயந்து பழத்தையே ஒதுக்கிய பலர், ஈ மொய்த்த துண்டை மட்டும் யோசிக்காமல் வாங்கித் தின்றார்கள். இந்த ஆண்டும் அதைச் செய்யாதீர்கள்.

வெட்டி வைத்த துண்டை வாங்காதீர்கள்

தர்பூசணி மண்ணில் கிடந்து வளர்வது. எரு, பாசன நீர், லாரித் தளம், கடை வாசல் என எல்லா அழுக்கும் தோலில் ஒட்டியிருக்கும். கழுவாத தோலில் கத்தி இறங்கும்போது அந்தக் கிருமி நேரே சதைக்குள் போகிறது. சதையில் நீரும் சர்க்கரையும் நிறைய. எலுமிச்சையில் இருப்பதுபோல் கிருமியை அடக்கும் புளிப்பு கிடையாது. வெயில் சேர்ந்தால் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் மளமளவென்று பெருகும். நிறம் மாறாது, வாடை வராது, ருசியும் அப்படியே இருக்கும். பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

வெட்டிய பழம் வெளியே இருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு 2 மணி நேரம். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். நம் ஊர் பங்குனி, சித்திரைப் பகல் எத்தனை டிகிரி என்று உங்களுக்கே தெரியும். காலையில் வெட்டியதை மதியம் வாங்கிக் குழந்தை கையில் கொடுப்பது என்ன நியாயம்?

ஐஸ் கட்டிமேல் அடுக்கியிருந்தாலும் வாங்காதீர்கள். அந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. பிளாஸ்டிக் தாள் சுற்றிய பாதிப் பழம் சூப்பர் மார்க்கெட்டில் குளிர்பெட்டிக்கு வெளியே இருந்தாலும் வாங்காதீர்கள். தாள் ஈயைத் தடுக்கும், சூட்டைத் தடுக்காது.

இன்னொன்று. “சிவப்பா இருக்கா, வெட்டிக் காட்டுங்க” என்று கேட்கிறீர்கள். அவர் முக்கோணமாகக் குத்தி ஒரு பத்தையை உருவிக் காட்டுகிறார். பிடிக்கவில்லை என்று நகர்ந்துவிடுகிறீர்கள். அந்தப் பத்தையைத் திரும்பச் செருகி, பழத்தை வெயிலிலேயே வைக்கிறார். அடுத்து வருபவருக்கு அது முழுப் பழமாகத் தெரியும். ஆகவே எடுக்கும் பழத்தைச் சுற்றிலும் கீறல் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். நீங்கள் குத்தச் சொன்னால் அந்தப் பழத்தை நீங்களே வாங்குங்கள்.

தள்ளுவண்டியில்தான் சாப்பிட வேண்டுமா? முழுப் பழத்தைக் கழுவச் சொல்லி, கழுவிய கத்தியால் கண்ணெதிரே வெட்டச் சொல்லுங்கள். நின்ற இடத்திலேயே சாப்பிடுங்கள். வியாபாரிக்கும் பிழைப்பு நடக்கும், உங்களுக்கும் கெடுதல் வராது.

வீட்டில்

- முழுப் பழத்தை நிழலான தரையில் வையுங்கள்.
- வெட்டும் முன் ஓடும் தண்ணீரில் தோலைத் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். தோலைத்தான் தின்னப் போவதில்லையே என்று விட்டுவிடாதீர்கள்.
- மீன், கறி நறுக்கிய கத்தியும் பலகையும் கூடாது.
- மிச்சத்தை உடனே மூடிபோட்ட டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள்.
- சாப்பாட்டு மேசையில் மறந்துபோய் மதியம் முழுக்கக் கிடந்ததா? கொட்டிவிடுங்கள். காசு போகிறதே என்று பார்க்காதீர்கள்.

வயிறு கெட்டால்

வாந்தி, பேதி என்றால் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். காய்ச்சலோ, மலத்தில் ரத்தமோ, சிறுநீர் குறைவதோ தெரிந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்றால் அதற்கும் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே காட்டுங்கள்.

தர்பூசணி நல்ல பழம். தாராளமாகச் சாப்பிடுங்கள், விவசாயியும் பிழைக்கட்டும். ஆனால் மறுபடியும் சொல்கிறேன்: வெட்டி வைத்த துண்டை வாங்காதீர்கள்.