மூக்குவழி வரும் நுண்பகைவன்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் பிள்ளைகளுக்கு நீரில் குதித்தாட வேண்டும். செம்பனைக் காட்டு வாய்க்காலோ, பழைய ஈயக் குட்டையோ, தஞ்சோங் காராங் நெல்வயல்களுக்கு நீர் கொண்டு செல்லும் கால்வாயோ, எதுவாயினும் அவர்களுக்கு இன்பமே. "அங்கே குளிக்காதே" என்று நாம் பன்முறை கடிந்துரைத்துள்ளோம். ஆயின் காரணத்தை விளக்கினோமில்லை. அக்குறையைப் போக்கவே இப்பாடத்தை எழுதுகின்றோம்.

இருவகை அமீபா

ஆறாம் ஆண்டு அறிவியலில் நுண்ணுயிர்களைப் பற்றிப் படிக்கின்றோம். அவற்றுள் ஒன்று அமீபா. ஒரே உயிரணுவால் ஆனது. போலிக்கால்களை நீட்டி நகர்வது. தோட்டத்து முதியோர் சீதபேதியின் கொடுமையை அறிவர். அந்நோய்க்குக் காரணமானவற்றுள் ஒன்று குடலில் வாழும் அமீபா. அஃது ஓர் ஒட்டுண்ணி; மனிதன் இன்றேல் அதற்கு வாழ்வில்லை. அசுத்தமான நீராலும் உணவாலும் வாய்வழியே உட்புகும்.

மற்றொரு வகை தன்னிச்சையாக வாழ்வது. குளம், ஆறு, ஈரமண் ஆகியவற்றில் பாக்டீரியாக்களைத் தின்று அது பிழைக்கின்றது. அதற்கு மனிதன் தேவையில்லை. எனினும், அவ்வகையைச் சேர்ந்த மிகச் சில அமீபாக்கள் தற்செயலாக நம் உடலுள் புகுந்துவிடின் பெருங்கேடு விளைவிக்கின்றன.

நுழைவாயில் எது?

அவற்றுள் கொடியது நெக்லேரியா ஃபௌலேரி. ஒரு மில்லிமீட்டரை ஐம்பது கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே அதன் பருமன். வெதுவெதுப்பான நன்னீரே அதற்கு உகந்த இடம். 46 பாகை செல்சியஸ் வெப்பத்தையும் தாங்கும். கடல்நீரில் அது வாழ்வதில்லை.

இந்நீரைக் குடிப்பதால் இந்நோய் வாராது. நோயுற்றவரைத் தொடுவதாலும் வாராது. குதிக்கும்போதும் மூழ்கும்போதும் நீர் மூக்கினுள் விசையோடு ஏறுகின்றதே, அதுவே வழி. மூக்கின் மேற்புறத்தில் சல்லடை போன்ற மெல்லிய எலும்பு ஒன்றுண்டு. மணத்தை அறிவிக்கும் நரம்பிழைகள் அதன் துளைகளின் வழியே மூளைக்குச் செல்கின்றன. அந்நரம்பைப் பற்றிக்கொண்டே அமீபா மூளையை அடைந்து, அதனை அழிக்கத் தொடங்குகின்றது.

பெரும்பாலும் 1 முதல் 12 நாள்களுக்குள் அறிகுறிகள் தோன்றும். கடுந்தலைவலி, காய்ச்சல், வாந்தி என்று தொடங்கி, கழுத்து விறைப்பு, அறிவுத் தடுமாற்றம், வலிப்பு என முற்றும். அமெரிக்க நாட்டில் 1962 முதல் 2022 வரை இந்நோய் கண்ட 157 பேருள் நால்வரே பிழைத்தனர். அரிய நோயே, ஆயினும் வந்துவிட்டால் மீள்வது அரிதினும் அரிது.

இந்நோயை 1965இல் உலகுக்கு எடுத்துரைத்தவர்கள் ஆஸ்திரேலிய மருத்துவர்களாகிய மால்கம் ஃபௌலரும் கார்ட்டரும் ஆவர். ஃபௌலர் பெயரே அமீபாவுக்குச் சூட்டப்பட்டது. அந்நாட்டின் போர்ட் அகஸ்டா நகருக்கு நெடுந்தொலைவிலிருந்து தரைமேற் குழாய்களில் வந்த நீர் வெயிலில் சூடேறி, அமீபாவுக்கு இடமளித்தது. குளோரின் முறையாகக் கலந்து கண்காணித்த பின்னரே தீங்கு நீங்கியது.

கண்ணுக்கும் பகை

அகந்தமீபா என்பது மற்றொன்று. மண்ணிலும் தூசியிலும் குழாய்நீரிலும் காணப்படுவது. கண்ணில் வில்லை அணிவோர் அதனைக் குழாய்நீரில் கழுவினாலோ, அணிந்தவாறே நீந்தினாலோ கருவிழியைத் தாக்கிப் பார்வையைக் கெடுக்கக்கூடும். நம் மலேசியாவில் இக்கண்நோய் முதன்முதலாக 1995இல் மருத்துவ ஏட்டில் பதிவாயிற்று. நகரத்தில் பணிபுரியும் நம் பிள்ளைகள் பலர் வில்லை அணிகின்றனர். அவர்கள் இதனை அறிதல் நன்று.

கேரளம் தரும் பாடம்

கேரளத்தில் மூளையைத் தாக்கும் அமீபா நோய் 2016இல் ஆலப்புழையில் முதலில் அறியப்பட்டது. 2024இல் பலரைத் தாக்கியது. அவ்வாண்டு கோழிக்கோடு மாவட்டத்துச் சிறுவன் ஒருவன், வயது 14, குளத்தில் நீந்திய சில நாள்களில் தலைவலியும் காய்ச்சலும் கண்டு, பின் வலிப்புற்றான். அவன் தந்தை இந்நோயைப் பற்றி முன்னரே படித்திருந்தார். "என் மகன் குளத்தில் நீந்தினான்" என்று அவர் மருத்துவரிடம் கூறினார். உடனே சோதனை நடந்தது. மில்டெஃபோசின் உள்ளிட்ட மருந்துகள் தரப்பட்டன. மூன்று வாரத்துக்கும் மேலான சிகிச்சைக்குப்பின் அச்சிறுவன் நலமாக வீடு திரும்பினான்.

மருந்தோடு அத்தந்தை கூறிய ஒரு சொல்லும் அவ்வுயிரைக் காத்தது என்போம். இனி நம் நிலையை எண்ணிப் பாருங்கள். பிரம்படிக்கு அஞ்சும் பிள்ளை, குட்டையில் குளித்ததை வீட்டில் மறைக்கின்றான். காய்ச்சல் கண்டபின்னும் வாய் திறவான். பெற்றோர் அறியார், ஆகவே மருத்துவரும் அறியார். கடிந்துரைத்தே பழகிய ஆசிரியராகிய நமக்கும் இதில் பங்குண்டு.

நாம் செய்ய வேண்டுவன

தேங்கிய வெந்நீர்க் குட்டைகளில் குதிப்பதையும் மூழ்குவதையும் தவிர்ப்போம். நீரில் இறங்க நேரின், தலையை நீருக்கு மேலே வைப்போம், அடிச்சேற்றைக் கலக்காதிருப்போம். மூக்கினுள் நீரேற்றிக் கழுவுவோர் கொதிக்கவைத்து ஆறிய நீரையே பயன்படுத்துவீராக. வீட்டு நீர்த்தொட்டியை மூடிவைத்து, அவ்வப்போது கழுவுக. நீரில் விளையாடிய பிள்ளைக்குக் கடுந்தலைவலியோடு காய்ச்சலும் வாந்தியும் கண்டால், வீட்டு வைத்தியத்தில் நாளைக் கழிக்காது மருத்துவமனைக்கு விரைக. எந்நீரில், என்று குளித்தான் என்பதைக் கேட்கப்படுமுன்னரே மருத்துவரிடம் சொல்லுக.

மாணவச் செல்வங்களே! குட்டையில் இறங்கியது தவறாக இருக்கலாம். அதனை மறைப்பது அதனினும் பெருந்தவறு. உண்மை சொல்லும் பிள்ளையைத் தண்டியோம் என்று இப்பள்ளியின் சார்பில் உறுதி கூறுகின்றோம். பெற்றோர்களே, நீங்களும் அவ்வாறே உறுதி கூறுவீராக.

வெள்ளம் வருமுன் அணை போடுவோம். நம் குழந்தைகளைக் காப்போம்!