தொட்டி நிறைந்தால் மெஷின் நிற்குமா?

ஆர்.ஓ. மெஷினோடு கூடுதலாக ஒரு தொட்டி இணைக்க நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, எத்தனை லிட்டர் வாங்கலாம் என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. தொட்டி நிறைந்ததும் மெஷினை எது நிறுத்தும்?

இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். சென்னைப் புறநகரில் போர் தண்ணீரை நம்பியிருக்கும் வீடு எங்களுடையது. டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) ஆயிரத்தைத் தாண்டும். மெஷினுக்குள் இருந்த தொட்டி 8 லிட்டர்தான். அரிசி களைந்து, குழம்பு வைத்து, பிள்ளைகளின் பாட்டில்களை நிரப்பினால் எட்டு மணிக்கே குழாயில் சொட்டுதான் வரும். 20 லிட்டர் எவர்சில்வர் டிரம் ஒன்று வாங்கி இணைக்கச் சொன்னோம். வந்தவர் டிரம்முக்குள் சின்ன மிதவை வால்வு ஒன்றைப் பொருத்திவிட்டுப் போனார். டிரம் நிறைந்தது, வால்வும் மூடிக்கொண்டது. பம்ப் மட்டும் நிற்கவில்லை. நல்ல தண்ணீர் போக வழியில்லாததால் உள்ளே வந்த தண்ணீர் மொத்தமும் கழிவு டியூப் வழியாக ஓடியது. எங்கள் மெஷினில் இருந்தது நிமிடத்துக்கு 450 மி.லி. கழிவு விடும் ரெஸ்ட்ரிக்டர். எட்டு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 216 லிட்டர். கோடையில் லாரிக்காகக் காத்திருக்கும் தெருவில் ஓர் இரவில் அவ்வளவு தண்ணீர் சாக்கடைக்குப் போனது.

காரணம் சின்னதுதான். மிதவை வால்வுக்குத் தண்ணீரை அடைக்கத் தெரியும். பம்ப்புக்குச் செய்தி சொல்லத் தெரியாது. மெஷினுக்குள் இருக்கும் தொட்டியில் மின் ஃப்ளோட் சுவிட்ச் இருக்கும். தண்ணீர் மேலே வந்ததும் அது பம்ப்புக்கும், உள்ளே வரும் தண்ணீரை அடைக்கும் சோலனாய்டு வால்வுக்கும் போகும் கரண்ட்டைத் துண்டிக்கும். வெளியே வைக்கும் தொட்டிக்கும் அதே வேலையைச் செய்ய ஏதாவது ஒன்று வேண்டும். எந்தத் தொட்டி என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

செலவு குறைந்த வழி, மெஷின் தொட்டியின் அடியிலிருந்து டீ ஜாயின்ட் போட்டு இன்னொரு தொட்டிக்கு டியூப் இழுப்பது. இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். உள்ளே இருக்கும் ஃப்ளோட் சுவிட்சே இரண்டுக்கும் போதும். ஆனால் இரண்டு தொட்டிகளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். பக்கத்துத் தொட்டியின் வாய், மெஷினின் ஃப்ளோட் நிற்கும் மட்டத்துக்கும் கீழே இருந்தால் தண்ணீர் வழிந்து தரையெல்லாம் ஈரமாகும். மெஷினைச் சுவரில் உயரமாக மாட்டி, தொட்டியைச் சமையல் மேடையில் வைப்பதுதான் நம் வீடுகளில் வழக்கம். அங்கே இது சரிப்படாது. பக்கத்திலேயே உறுதியான ஷெல்ஃப் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். மூடியில் காற்று போய்வர சின்னத் துளை ஒன்றும் வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் ஒழுங்காக ஏறாது.

இரண்டாவது வழி, டிரம்முக்கென்றே தனி ஃப்ளோட் சுவிட்ச். நான்கு பேருக்கு மேல் இருக்கும் வீட்டுக்கு நான் சொல்வது இதைத்தான். சுவிட்சின் ஒயரை மெஷினின் 24 வோல்ட் லைனில் இணைத்துவிட்டால் பழைய தொட்டி செய்த வேலையை டிரம் எடுத்துக்கொள்ளும். மிதவை வால்வுதான் வேண்டும் என்றால் அதற்கு முன்னால் ஹை பிரஷர் சுவிட்ச் ஒன்றும், உப்பை வடிகட்டும் மெம்பரேனை ஒட்டி, தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்றும் கட்டாயம். வால்வு மூடியதும் டியூபில் அழுத்தம் ஏறும், சுவிட்ச் பம்ப்பை நிறுத்தும். எங்கள் வீட்டில் விட்டுப்போனது இந்த இரண்டும்தான்.

டிரம்மில் எனக்குப் பிடித்தது, மூடியைத் திறந்து உள்ளே பார்க்கலாம், கை விட்டுக் கழுவலாம் என்பது. ஆர்.ஓ. தண்ணீரில் குளோரின் மிஞ்சாது. தேங்கினால் கிருமியைத் தடுக்க அதில் எதுவும் இல்லை. சில நாளில் உள்சுவர் வழவழக்கத் தொடங்கும். அதனால் ஒரு நாளில் காலியாகும் அளவுக்கு மேல் வாங்காதீர்கள். வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம். புற ஊதா விளக்கு இருந்தால் அது தொட்டிக்குப் பிறகு, குழாய்க்கு முன்னால் இருப்பது நல்லது.

செப்புக் குடத்தை மட்டும் இதோடு இணைக்க வேண்டாம். உப்பெல்லாம் போன தண்ணீர் கொஞ்சம் அமிலத்தன்மையோடு இருக்கும், உலோகத்தை அரிக்கும். குடிநீரில் செம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு. நாள் முழுக்க ஆர்.ஓ. தண்ணீர் நிற்கும் பாத்திரத்தை அந்தச் சந்தேகத்தில் ஏன் வைக்க வேண்டும்? 304 தர எவர்சில்வரோ, உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக்கோ போதும். பித்தளைக் குழாயையும் தவிர்த்துவிடுங்கள்.

மூன்றாவது, சிங்குக்கு அடியில் வைக்கும் அழுத்தத் தொட்டி. வெளியே இரும்புக் கூடு, நடுவில் ரப்பர் சவ்வு. ஒரு பக்கம் காற்று, மறு பக்கம் தண்ணீர். காற்று தள்ளுவதால் சிங்க் மேல் உள்ள குழாயில் தண்ணீர் வேகமாக வரும். கரண்ட் போனாலும் வரும். மேடையில் இடமில்லாத வீட்டுக்கும், குழாயைத் தள்ளி வைக்க வேண்டிய வீட்டுக்கும் இது வசதி.

ஆனால் 4 கேலன் என்று எழுதியிருப்பதைப் பார்த்து 15 லிட்டர் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். அது காற்றையும் சேர்த்த கூட்டின் அளவு. காலியாக இருக்கும்போது காற்று 7 பிஎஸ்ஐ, பம்ப் நிற்பது 40 பிஎஸ்ஐ என்றால் உள்ளே போகும் தண்ணீர் சுமார் 9 லிட்டர்தான். நிறைய நிறைய எதிரழுத்தம் ஏறுவதால் மெம்பரேன் தருவதும் மெதுவாகும், உப்பை வடிகட்டும் திறனும் கொஞ்சம் குறையும்.

வீடியோக்களில் காட்டும் பம்ப் இல்லாத இணைப்புகள் 40 முதல் 60 பிஎஸ்ஐ வரை குழாயழுத்தம் உள்ள அமெரிக்க வீடுகளுக்கானவை. நமக்குத் தண்ணீர் வருவது மொட்டைமாடித் தொட்டியிலிருந்து. பத்து மீட்டர் உயரம் இருந்தால்கூட 14 பிஎஸ்ஐதான். மேல்மாடிக்காரருக்கு நாலைந்து கிடைத்தாலே அதிகம். ஆகவே பம்ப், ஹை பிரஷர் சுவிட்ச், நான்-ரிட்டர்ன் வால்வு மூன்றும் இல்லாமல் இங்கே அழுத்தத் தொட்டி வேலை செய்யாது. ரப்பர் வாடை தண்ணீரில் வராமலிருக்கக் கடைசி கார்பன் ஃபில்டர் தொட்டிக்குப் பிறகு இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தண்ணீரை முழுக்க வடித்துவிட்டுக் காற்றழுத்தம் பாருங்கள். வால்வு வண்டி டயரில் இருப்பதைப் போன்றதுதான், சைக்கிள் பம்ப்பே போதும். உள்ளே கழுவ முடியாதது இதன் பெரிய குறை.

தொட்டியே இல்லாத பெரிய மெம்பரேன் மெஷின்களும் வந்திருக்கின்றன. கரண்ட் இல்லாதபோது ஒரு டம்ளர்கூடக் கிடைக்காது என்பதால் எங்கள் பக்கத்துக்கு நான் சொல்ல மாட்டேன். டிடிஎஸ் 500-க்குள் இருக்கும் மெட்ரோ தண்ணீர் வருகிறவர்களுக்கு ஆர்.ஓ.வே தேவையில்லை, அத்தகைய இடங்களில் அதைத் தடை செய்யும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது.

எதை இணைத்தாலும் சர்வீஸ்காரரை உடனே அனுப்பிவிடாதீர்கள். தொட்டி நிறையும்வரை இருக்கச் சொல்லுங்கள்; நாளுக்கு 75 கேலன் தரும் மெம்பரேன் மணிக்குச் சுமார் 12 லிட்டர் தரும், கொஞ்சம் நேரமாகும்தான். அவருக்கு அவசரமென்றால் ஃப்ளோட்டைக் கையால் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள்; அழுத்தத் தொட்டியானால் அதன் வால்வை மூடச் சொல்லுங்கள். பம்ப் சத்தம் உடனே அடங்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் கழிவு டியூபும் நிற்க வேண்டும். அன்று இரவு அந்த டியூபை ஒரு காலி வாளிக்குள் விட்டுவிட்டுப் படுங்கள். காலையில் வாளியில் அரை டம்ளருக்கு மேல் இருந்தால், மறுபடி அவரைக் கூப்பிடுங்கள்.