ஆற்றங்கரையில் கூடாரம் போடுமுன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவில் மே மாதக் கடைசித் திங்களன்று வரும் மெமோரியல் டே தொடங்கி, செப்டம்பர் முதல் திங்களன்று வரும் லேபர் டே வரை கேம்பிங் காலம். அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பழகிப்போன விஷயம். கூடாரம் போடுகிறவர்களும் ஆர்.வி. என்ற வீட்டு வண்டியில் வருகிறவர்களும் முன்பதிவுப் பக்கத்தில் ஒன்றைத்தான் முதலில் தேடுகிறார்கள்: ஆற்றை ஒட்டிய இடம்.

அந்த ஆசையில் தவறில்லை. ஆனால் முன்பதிவு வரைபடம், ஓர் இடம் தண்ணீருக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதைக் காட்டுமே தவிர, எவ்வளவு மேட்டில் இருக்கிறது என்பதைச் சொல்லாது. குடும்பத்தின் பாதுகாப்பு அந்த மேட்டில்தான் இருக்கிறது. அதை மறக்கச் செய்யும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: வானம் வெளுத்திருந்தால் ஆறும் அமைதியாக இருக்கும்.

உண்மை: முகாமில் ஒரு தூறல்கூட விழாமல் ஆற்றில் வெள்ளம் வரலாம். கொலராடோ மாநிலத்தின் பிக் தாம்சன் பள்ளத்தாக்கில் 1976 ஜூலை 31 சனிக்கிழமை மாலை நடந்தது இதுதான். பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் சில மணி நேரத்துக்குள் சுமார் 12 அங்குல மழை கொட்டியது. கீழே விடுமுறையைக் கழிக்க வந்திருந்தவர்கள் பலருக்குப் பெரிய மழையே தெரியவில்லை. அந்த இரவில் 144 பேர் உயிரிழந்தார்கள்.

மழையே இல்லாத நாளிலும் ஆறு ஏறும். மலைப்பனி உருகி ஓடும் ஆறுகளில் பகல் வெயிலில் உருகிய நீர் சாயங்காலமோ இரவோதான் கீழே வந்து சேர்கிறது. மதியம் மணல்திட்டாக இருந்த இடம் இரவில் நனைந்துவிடும். அணைக்குக் கீழே உள்ள ஆறுகளில் மின் உற்பத்திக்காகத் தண்ணீர் திறப்பார்கள். ஜார்ஜியாவில் சாட்டஹூச்சி ஆற்றின் பியூஃபோர்ட் அணையில் தண்ணீர் திறக்குமுன் எச்சரிக்கை ஒலி எழுப்புவது இதற்காகத்தான். ஆகவே முகாமுக்கு மட்டுமல்ல, ஆறு எங்கிருந்து வருகிறதோ அந்த மேல்நிலப் பகுதிக்கும் வானிலை முன்னறிவிப்பைப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: தண்ணீர் மெல்லத்தான் ஏறும், எழுந்து கிளம்ப நேரம் இருக்கும்.

உண்மை: அர்க்கன்சாவின் ஆல்பர்ட் பைக் முகாமில் 2010 ஜூன் 11 அன்று விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. லிட்டில் மிசூரி ஆறு முந்தைய நாள் மாலை சுமார் 3 அடி மட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. விடியற்காலையில் அது 23 அடியைத் தாண்டியது. உச்ச வேகத்தில் மணிக்கு 8 அடி ஏறியது. நள்ளிரவுக்குப் பிறகு வானிலைத் துறை எச்சரிக்கை விடுத்தது. ஆனால் மலைகளுக்கு நடுவே இருந்த அந்தப் பள்ளத்தில் செல்போன் சிக்னல் கிடையாது. தூக்கத்திலிருந்து எழுந்தவர்கள் இருட்டில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மரங்களைப் பற்றிக்கொண்டார்கள். 20 பேர் இறந்தார்கள். அதற்குப் பின் அங்கே இரவில் தங்குவது நிறுத்தப்பட்டது.

2025 ஜூலை 4 அதிகாலையில் டெக்சஸின் குவாடலூப் ஆறு 45 நிமிடத்தில் சுமார் 26 அடி ஏறியது. கெர் மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அவர்களில் கோடை முகாமுக்கு வந்திருந்த சிறுமிகளும் உண்டு.

சிக்னல் இல்லாத இடத்துக்குப் போகிறவர்கள் பேட்டரியில் ஓடும் வானிலை வானொலி ஒன்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும். அமெரிக்காவில் நோவா (NOAA) என்ற அரசு அமைப்பின் வானிலை அலைவரிசைகளைப் பிடிக்கும் இந்தக் கருவியில், எச்சரிக்கை வந்ததும் தானே அலறி எழுப்பும் வகையும் உண்டு. ஆழமான பள்ளத்தாக்குகளில் இதற்கும் அலை எட்டாமல் போகலாம். எனவே போய் இறங்கியதுமே போட்டுப் பார்த்துவிட வேண்டும். எதுவும் எட்டாத இடம் என்றால், மழைக்கான அறிவிப்பு இருக்கும் இரவில் அங்கே தங்காமலிருப்பதே சரி.

நம்பிக்கை: அனுமதி பெற்ற முகாம் என்றால் ஆபத்தில்லாத இடம்.

உண்மை: ஸ்பெயினின் பிரனீஸ் மலையடிவாரத்தில், பியெஸ்காஸ் ஊரருகே இருந்த லாஸ் நியெவெஸ் முகாம் அனுமதியோடுதான் நடந்தது. அது அமைந்திருந்ததோ மலையோடை ஒன்று கல்லையும் மண்ணையும் காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டி உருவாக்கிய விசிறி வடிவ நிலத்தில். 1996 ஆகஸ்ட் 7 அன்று அந்த ஓடை தன் பழைய வழியிலேயே திரும்பி வந்தது. 87 பேர் மாண்டார்கள். அரசு நிர்வாகங்கள் இழப்பீடு தர வேண்டும் என்று 2005இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் 1997 ஜனவரியில் மெர்செட் ஆறு பெருக்கெடுத்தபோது ஆற்றோர முகாம்கள் சேதமடைந்தன. அவற்றில் அப்பர் ரிவர், லோயர் ரிவர் என்ற இரண்டும் அதன்பின் திறக்கப்படவே இல்லை.

‘நூறாண்டு வெள்ளம்’ என்ற சொல்லைக் கேட்டதும், ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த நூறு வருடத்துக்குக் கவலையில்லை என்று நினைக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு என்பதே அதன் பொருள். முப்பது ஆண்டுகளில் ஒருமுறையாவது அப்படி நேரும் வாய்ப்பு ஏறக்குறைய 26 சதவீதம்.

நம்பிக்கை: கூடாரத்தை வெள்ளம் அடித்துப் போகும், ஆர்.வி. கனமானது, அசையாது.

உண்மை: வேகமாக ஓடும் 6 அங்குலத் தண்ணீர் பெரியவர்களையே விழத்தட்டும். ஓரடித் தண்ணீர் சிறிய கார்களை இழுத்துச் செல்லும், ஈரடி இருந்தால் பெரும்பாலான வண்டிகள் மிதக்கும். பெட்டி போன்ற உடல் கொண்ட ஆர்.வி.யை வெள்ளம் தள்ளுவதற்கு அகன்ற பக்கச்சுவர் இருக்கிறது. குவாடலூப் கரையில் ஆர்.வி. பூங்காக்களிலிருந்து வண்டிகள் ஆட்களோடு அடித்துச் செல்லப்பட்டன.

கிளம்ப எடுக்கும் நேரமும் கூடுதல். மின்கம்பியைப் பிடுங்க வேண்டும், தண்ணீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் கழற்ற வேண்டும், வெளியே நீட்டிய பகுதியை உள்ளே இழுக்க வேண்டும், முட்டுகளைத் தூக்க வேண்டும். ஆகவே ஆர்.வி.க்காரர்கள் இடம் பார்க்கும்போது மின் இணைப்பு 30 ஆம்பியரா 50 ஆம்பியரா என்று கேட்பதோடு, பின்னால் எடுக்காமல் நேராக ஓட்டி வெளியேற முடியுமா என்பதையும் கேட்க வேண்டும். தண்ணீர் ஏறிவிட்டால் வண்டியை விட்டுவிட்டு நடந்தே மேடேற வேண்டும்.

நம்பிக்கை: கண்ணாடி போலத் தெளிந்த ஓடைத் தண்ணீரைக் குடிக்கலாம், ஆழமில்லாத இடத்தில் பிள்ளைகளை விடலாம்.

உண்மை: வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஜியார்டியா கிருமி கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரை ஒரு நிமிடம் நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும். 6,500 அடிக்கு மேல் உள்ள இடங்களில் மூன்று நிமிடம். இயற்கையில் மட்கும் சோப்பு என்றாலும் ஆற்றில் கலக்கக் கூடாது. பாத்திரம் கழுவுவதைக் கரையிலிருந்து 200 அடி தள்ளி வைத்துக்கொள்வதே முறை.

பனி உருகிய நீரில் விழுந்ததும் குளிர் தாக்கி மூச்சு வாங்கும், கைகால் மரத்துப்போகும். நீச்சல் தெரிந்தவர்களும் இதற்குத் தப்புவதில்லை. காற்றடைத்த கைவளையங்கள் போதாது. பிள்ளையின் எடைக்குப் பொருந்தும் உயிர்காப்பு அங்கி வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருந்தால், கூடார வாசலிலிருந்து இறங்கினாலே தண்ணீர் என்ற இடத்தைத் தவிர்த்து, கழிப்பறைக்குப் பக்கத்தில் உள்ள இடத்தை எடுப்பது நல்லது.

போய் இறங்கியதும் பார்க்க வேண்டியவை

ஆறு தன் பழைய உயரத்தை எழுதி வைத்திருக்கும். கரையோர மரங்களை அண்ணாந்து பாருங்கள். தலைக்கு மேலே கிளைப் பிரிவில் காய்ந்த புல்லும் சுள்ளியும் ஒரே பக்கமாகச் சுருண்டு சிக்கியிருந்தால் முந்தைய வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது. கடைசியாக எந்தெந்த எண்ணுள்ள இடங்களில் தண்ணீர் புகுந்தது என்று முகாம் பொறுப்பாளரிடம் நேரடியாகக் கேளுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே பிள்ளைகளோடு ஒருமுறை மேட்டுக்கு நடந்து போய் வாருங்கள், இரவில் கூட வேண்டிய இடம் எது என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

அந்த வழி மலைச்சரிவில் ஏற வேண்டும், ஆற்றோடு ஓடும் சாலையில் போகக் கூடாது. பிக் தாம்சனில் காரை எடுத்துக்கொண்டு சாலை வழியே தப்ப முயன்றவர்கள் பலர் அந்தச் சாலையிலேயே சிக்கினார்கள். அதற்குப் பிறகுதான் கொலராடோ பள்ளத்தாக்குச் சாலைகளில், வெள்ளம் வந்தால் மேலே ஏறுங்கள் என்ற பலகைகள் நடப்பட்டன.

முன்பதிவின்போது ஆற்றோரத்து எண்கள் தீர்ந்துபோயிருந்தால் வருந்த வேண்டாம். பின்வரிசையில், மேட்டுப் பக்கமாக இருக்கும் எண்களைக் கேட்டு வாங்குங்கள். பகலெல்லாம் ஆற்றில் இருக்கலாம், தூங்குவதற்கு மட்டும் மேட்டுக்கு வந்துவிடலாம்.