ஆட்டத்துக்கு அட்டவணை உண்டு, புயலுக்கு?

நம்பிக்கை: நாளை நடப்பதை ஆங்கிலத்தில் சொல்ல ‘வில்’ போட்டே ஆக வேண்டும்.

உண்மை: 2022-இல் மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 9 வரை 11 சுற்றுகள். மற்றச் சுற்றுகளெல்லாம் பிற்பகல் 3 மணிக்கு. கடைசிச் சுற்று மட்டும் காலை 10 மணிக்கு. அசந்து தூங்கிவிடக்கூடிய வீரருக்கு முந்தின இரவே நினைவூட்ட வேண்டுமென்றால், ‘தி லாஸ்ட் ரவுண்ட் ஸ்டார்ட்ஸ் அட் டென் டுமாரோ’ என்பதுதான் இயல்பான ஆங்கிலம். அட்டவணை போட்டாயிற்று, அதனால் நிகழ்காலம். ‘வில் ஸ்டார்ட்’ என்றாலும் தப்பில்லை. ‘ஸ்டார்ட்ஸ்’ என்று எழுதிய பிள்ளையின் தாளில் சிவப்பு மையால் சுழிப்பதுதான் தப்பு. செங்கல்பட்டு பிளாட்பாரத்தில் ‘பீச் வண்டி எத்தனை மணிக்குக் கிளம்புது?’ என்று கேட்பவரும் நிகழ்காலத்தில்தானே கேட்கிறார்!

நம்பிக்கை: நூறு சதவீதம் நிச்சயம் என்றால்தான் இப்படி நிகழ்காலம் வரும்.

உண்மை: அந்த ஒலிம்பியாடே முதலில் ரஷ்யாவில் நடப்பதாக இருந்தது. உக்ரைன் மீது படையெடுத்ததும் அதை நடத்தும் வாய்ப்பு ரஷ்யாவின் கையை விட்டுப் போய், மார்ச் மாதம் சென்னைக்கு வந்தது. பழைய அட்டவணையை நிகழ்காலத்தில் எழுதியவர் இலக்கணத்தில் தவறவில்லை. நடந்தே தீருமா என்பதல்ல, யாராவது நேரம் குறித்திருக்கிறார்களா என்பதே கேள்வி.

அதே ஆண்டு டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. புயலுக்கு யாரும் நேரம் குறிப்பதில்லை; அதனால் வானிலைத் துறை எவ்வளவு துல்லியமாகக் கணித்தாலும் ‘தி சைக்ளோன் கிராஸஸ் டுமாரோ’ என்று எழுதுவதில்லை. ‘இஸ் லைக்லி டு கிராஸ்’ என்பதே அவர்கள் நடை. சூரிய உதயத்துக்கோ ‘ரைசஸ்’ பொருந்தும். அதற்குத்தான் பஞ்சாங்கமே நேரம் குறித்துவிடுகிறதே!

நம்பிக்கை: ‘ஐ ஆம் கோயிங்’ என்றால் இந்த நிமிடம் போய்க்கொண்டிருக்கிறேன் என்று மட்டுமே பொருள்.

உண்மை: பேசி முடித்த ஏற்பாட்டுக்கும் அது வரும். ‘ஐ ஆம் மீட்டிங் தி கலெக்டர் ஆன் மண்டே’ என்பவர் முன்கூட்டியே நேரம் வாங்கிவிட்டார் என்று அர்த்தம்.

நம்பிக்கை: ‘வென் தி ட்ரெயின் வில் கம், ஐ வில் கால் யூ.’ இரண்டுமே இனி நடக்கப்போவதுதானே, இரண்டிலும் ‘வில்’ போட்டால் என்ன?

உண்மை: ‘வில்’ நிஜமாகவே இடறும் இடம் இது. ‘வண்டி வந்ததும்’ என்ற பொருளில் ‘வென்’ வந்தால், அதன் பின்னால் ‘வில்’ கூடாது: ‘வென் தி ட்ரெயின் கம்ஸ், ஐ வில் கால் யூ.’ ‘ஆஃப்டர்’, ‘அன்டில்’ ஆகியவற்றுக்கும் இதே கதைதான். வண்டி எப்போது வரும் என்று நேராகக் கேட்கும்போதோ ‘வென் வில் தி ட்ரெயின் கம்?’ என்று தாராளமாகக் கேட்கலாம்.