கோலமும் கச்சேரியும் காத்திருக்க வேண்டாம்

மார்பகப் புற்றுநோயோடு வாழும் பெண்களுக்குச் சில வீட்டுக் குறிப்புகள்

"எல்லாம் நல்லபடியா முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்." மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டில் எல்லோரும் சொல்வது இதைத்தான். தையல் மெஷினுக்கு உறை போட்டுவிடுவார்கள், பாட்டு வகுப்பு நின்றுவிடும், வாசல் கோலம் வேலைக்காரம்மா கைக்குப் போய்விடும். ஆனால் அறுவை சிகிச்சை, கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) என்று வரிசையாக முடியவே பல மாதங்கள் ஆகின்றன. அதன் பின் பலருக்கு ஹார்மோன் மாத்திரை 5 முதல் 10 வருடம். எலும்புக்கோ கல்லீரலுக்கோ நோய் பரவியவர்களுக்குச் சிகிச்சை நிற்காமல் தொடரும். அவர்களிடம் போய் 'எல்லாம் முடியட்டும்' என்று சொல்வது பெரிய அநியாயம். பிடித்த காரியத்தைத் தள்ளிப்போடாமல், அளவைக் குறைத்து, செய்யும் விதத்தை மாற்றி, இப்போதே செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்கு உதவும் என்று தெரிந்தவற்றை இங்கே சொல்கிறேன். உங்கள் டாக்டர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அவர் பேச்சையே கேளுங்கள்.

1. தினசரி காலண்டரில் கீமோ தேதியைச் சிவப்பில் குறியுங்கள். 21 நாளுக்கு ஒரு முறை மருந்து ஏறுகிறவர்களுக்கு முதல் வாரம் குமட்டலிலும் அசதியிலும் போகும். ஏறத்தாழ 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்; கிருமி எளிதில் தொற்றும். மூன்றாவது வாரம் பெரும்பாலோருக்கு உடம்பு தேறி நிற்கும். அந்த வாரத்தைப் பச்சையில் வட்டமிடுங்கள். கல்யாணம், கோயில், சினிமா, தோழி வீடு எல்லாவற்றையும் அங்கே வையுங்கள். அந்த வாரத்தை ஸ்கேன், வங்கி, ரேஷன் கடை என்று வீட்டுக் காரியங்கள் விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது வீட்டாரின் பொறுப்பு. வாராவாரம் மருந்து ஏறுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. எந்த நாட்கள் தெம்பானவை என்று நர்ஸிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. தெம்பு காலையில்தான் இருக்கும் என்றால் அந்தத் தெம்பில் பாதியைப் பிடித்த காரியத்துக்குக் கொடுங்கள். பாத்திரம் தேய்த்து, துணி மடித்து, மிச்சம் இருந்தால் வீணை என்று வைத்தால் மிச்சம் இருக்கவே இருக்காது. வீணை முதலில்; துணியை யாராவது மடிக்கட்டும், மடிக்காமலும் கிடக்கட்டும். இந்த நோயில் வரும் சோர்வு படுத்தே இருந்தால் குறையாது, கூடும். வீட்டுக்குள்ளேயோ மொட்டை மாடியிலோ பத்து நிமிட நடையில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுங்கள். பகல் தூக்கம் அரை மணியைத் தாண்ட வேண்டாம்.

3. அக்குளிலிருந்து நிணநீர் முடிச்சுகளை எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கை வீங்க வாய்ப்பு உண்டு. சிறு வெட்டு, சூடு, பூச்சிக்கடி வழியே கிருமி நுழைந்தால் வீக்கம் ஆரம்பிக்கலாம், இருக்கும் வீக்கம் கூடலாம். நம் சமையலறையில் இதற்கான வழிகள் ஏராளம்: அரிவாள்மனை, தேங்காய்த் துருவி, தோசைக்கல், இட்லிப் பானையைத் திறந்ததும் அடிக்கும் ஆவி. துருவின தேங்காயை வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது வேறு யாராவது துருவட்டும். பானை மூடியை மற்றக் கையால், உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திறங்கள். பாத்திரம் தேய்க்க ரப்பர் கையுறை. இறுக்கமான வளையல், மோதிரம், ரப்பர் பேண்ட் அந்தக் கையில் வேண்டாம். ஊசி போடவும் ரத்த அழுத்தம் பார்க்கவும் மற்றக் கையை நீட்டுங்கள். சின்ன வெட்டு என்றாலும் சோப்புப் போட்டுக் கழுவி மருந்து தடவுங்கள். கை சிவந்து சூடாக இருந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

4. அதற்காகக் கையைத் தூளியில் போட்ட குழந்தை மாதிரி காக்க வேண்டியதில்லை. 'இனி ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்காதே' என்று ஒரு காலத்தில் டாக்டர்களே சொன்னார்கள். 1996இல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர், மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த 24 பெண்களைப் பயிற்சி கொடுத்து நீண்ட டிராகன் படகில் துடுப்புப் போட வைத்தார். கை வீங்கும் என்ற பயம் பலிக்கவில்லை. இன்று பல நாடுகளில் அப்படிப்பட்ட பெண்களின் படகுக் குழுக்கள் இருக்கின்றன. 2009இல் அமெரிக்காவில், ஏற்கெனவே கை வீக்கம் இருந்த பெண்களுக்கு மேற்பார்வையோடு சிறிது சிறிதாக எடை தூக்கக் கற்றுக்கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. வீக்கம் கூடவில்லை, வீக்கம் முற்றித் தொல்லை தருவதுதான் குறைந்தது. எனவே முதலில் பாதிக் குடம், பிறகு முக்கால். பிசியோதெரபிஸ்டைக் கேட்டு ஏற்றுங்கள். பேரக்குழந்தையைத் தூக்க வேண்டும் என்று ஆசை இருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். அதற்கேற்ற பயிற்சியைச் சொல்லித்தருவார்.

5. அறுவை சிகிச்சைக்குப் பின் தோள் இறுகிப்போகாமல் இருக்க, சுவரைப் பார்த்து நின்று விரல்களை மெல்ல மேலே ஏற்றுங்கள். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். துணிக்கொடி உங்கள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் துணி உலர்த்துவதே பயிற்சியாகிவிடும். எப்போது ஆரம்பிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. இனி கோலம். கீமோ மருந்துகள் சிலவற்றால், முக்கியமாகப் பாக்லிடாக்ஸெல், டோசிடாக்ஸெல் வகையால், விரல் நுனியும் பாதமும் மரத்துப்போகும். பொடியைக் கிள்ளி எடுத்தால் இழை ஒரே சீராக விழாது. வருடக்கணக்காகக் கோலம் போட்ட கைக்கு இது பெரிய வேதனை. குனிந்து எழுந்தால் தலையும் சுற்றும். வாசலில் ஒரு சின்ன முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள். எட்டின வரைக்கும் நாலு புள்ளிக் கோலம் போதும். அதுவும் முடியாத நாளில் மேஜைமேல் ஒரு மணைப்பலகையை வைத்து மாக்கோலம் போடலாம். ஊறவைத்து அரைத்த பச்சரிசி மாவில் சின்னத் துணியை நனைத்து, மோதிர விரல் வழியே ஒழுகவிட்டு இழுக்கிற இழைக்கோலத்துக்குப் பொடிக்கோலம் அளவுக்கு விரல் நுனியின் உணர்ச்சி தேவைப்படாது. காய்ந்ததும் பலகையைக் கொண்டுபோய் வாசலில் வைத்துவிடலாம். மார்கழியில் தெருவை அடைத்துப் போட ஆசை இருந்தால் புள்ளியை நீங்கள் வையுங்கள், இழையை மகளோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ இழுக்கட்டும். எந்தப் புள்ளி எங்கே என்று சொல்லும் உரிமை மட்டும் உங்களிடமே இருக்கட்டும். மரத்துப்போவதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். மருந்தின் அளவை மாற்ற வழி உண்டு.

7. விரல் மரத்திருக்கும்போது மல்லிகை தொடுப்பது எரிச்சலைத்தான் தரும். செவ்வந்தி, சம்பங்கி மாதிரி பெரிய பூக்களை வாழைநாரில் கட்டுங்கள். தையலுக்குக் கை ஊசியைவிட மெஷின் எளிதாக இருக்கலாம். ஊசியில் நூல் கோர்க்கும் சின்னக் கம்பி ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும். வீட்டுக்குள்ளும் செருப்புப் போடுங்கள். குளிக்கும் நீரின் சூட்டை மரத்த விரலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள்.

8. சமையலில் கை தேர்ந்தவர்களுக்கு நாக்கு மாறிப்போவதுபோல ஒரு துயரம் இல்லை. காபி கசக்கும், சாம்பார் இரும்பு மாதிரி இருக்கும். எவர்சில்வர் தட்டையும் ஸ்பூனையும் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். வாழையிலையிலோ பீங்கான் தட்டிலோ, நன்றாகக் கழுவிய கையால் சாப்பிட்டால் அந்த இரும்பு வாசனை குறையும். சூடான உணவைவிட ஆறின உணவில் வாசனை குறைவு. குமட்டுகிற நாளில் ஆறவைத்த இட்லி இறங்கும். வாயில் புண் இல்லையென்றால் எலுமிச்சை, புளிப்பு எல்லாம் நாக்கைத் திருப்பித் தரும். தாளிக்கும் வாசனை ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த ஐந்து நிமிடம் மாடிக்குப் போய்விடுங்கள். ருசி பார்க்க முடியாவிட்டாலும் பக்குவம் சொல்ல முடியும். உப்புப் பார்ப்பது மருமகள், எப்போது இறக்குவது என்று சொல்வது நீங்கள்.

9. வாய்ப்புண்ணுக்கு: ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் ஸ்பூன் சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் கொப்பளியுங்கள்.

10. சர்க்கரை வியாதி இல்லாதவர்கள் பிறந்தநாளுக்கு ஒரு கரண்டி பாயசம் சாப்பிடலாம். இனிப்புச் சாப்பிட்டால் கட்டி வளரும் என்று பயமுறுத்துகிறவர்களிடம் தட்டை நீட்டி இன்னும் ஒரு கரண்டி கேளுங்கள். ஆனால் யாரோ சொன்னார்கள் என்று கஷாயம், லேகியம், மூலிகை மாத்திரை எதையும் டாக்டருக்குத் தெரியாமல் குடிக்க வேண்டாம். சில மூலிகைகள் கீமோ மருந்தின் வேலையையே கெடுக்கும்.

11. வெள்ளை அணு குறைந்த வாரத்தில் தோட்டத்து மண்ணையும் எருவையும் தொடாதீர்கள். அந்த வாரம் நாற்காலியில் உட்கார்ந்து ஹோஸ் குழாயில் தண்ணீர் விடலாம். மற்ற நாட்களில் முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு இறங்குங்கள். தொட்டிகளை இடுப்பு உயரத் திட்டில் வைத்தால் குனிய வேண்டாம். ரோஜாவை யாராவது வெட்டட்டும்.

12. 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால், நடு ராத்திரியானாலும், ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது. இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். இந்த விதி நினைவில் இருந்தால் கச்சேரிக்கும் கல்யாணத்துக்கும் தைரியமாகப் போய்வரலாம்.

13. முதல் கீமோ முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும். தலையணை நிறைய முடியைப் பார்ப்பதைவிட முன்னாலேயே கட்டையாக வெட்டிக்கொள்வது நல்லது என்பது பலர் சொல்வது. பழனியும் திருப்பதியும் இருக்கிற நம் ஊரில் மொட்டைத் தலை யாருக்கும் புதிதல்ல, "வேண்டுதலா?" என்று கேட்டால் "ஆமாம்" என்று சொல்லிவிட்டும் போகலாம். பழைய மல் வேட்டியை முக்கோணமாக மடித்துக் கட்டினால் தலை வியர்க்காது. விக் வேண்டும் என்றால் முடி இருக்கும்போதே போய்ப் பாருங்கள், நிறமும் அளவும் பொருந்தும்.

14. ரவிக்கை. நம்பிக்கையான பெண் தையல்காரரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். முன்பக்கக் கொக்கி, கொஞ்சம் தளர்ந்த கை, உள்ளே மெல்லிய பருத்தியில் ஒரு பை. அந்தப் பையில் செயற்கை மார்பகம் நழுவாமல் உட்காரும். புண் ஆறும்வரை கனமில்லாத பஞ்சு அல்லது நூலால் பின்னியது போதும். பின்னல் தெரிந்தவர்கள் தங்களுக்கே பின்னிக்கொள்ளலாம். தானியம் நிரப்பாதீர்கள், வியர்வையில் பூச்சி பிடிக்கும். இதெல்லாம் வேண்டாம், முந்தானை போதும் என்றால் அதுவும் சரிதான். உங்கள் உடம்பு, உங்கள் இஷ்டம்.

15. கரண்ட் வைக்கும் வாரங்களில் அந்த இடத்தில் மஞ்சள், பவுடர், சென்ட் எதுவும் படக் கூடாது. தளர்ந்த பருத்தி உடை. வெயிலில் போகும்போது முந்தானையால் மூடிக்கொள்ளுங்கள்.

16. நாவல் படித்துப் பழகியவர்களுக்குக் கீமோவின்போது நாலு பக்கம் தாண்டினால் முதல் பக்கம் மறந்துபோகும். புத்தி மழுங்கிவிட்டது என்று பயப்பட வேண்டாம். பலருக்குச் சிகிச்சைக்குப் பிறகு மெல்லச் சரியாகிறது. அதுவரை சிறுகதை, கட்டுரை, குறுக்கெழுத்து. மார்கழியில் திருப்பாவையின் 30 பாசுரங்களையும் நாளுக்கு ஒன்றாகப் பாடுவது இதற்கென்றே அமைந்தது போன்ற அளவு. டிசம்பர் சீசனில் சென்னைச் சபாக்களின் மதியக் கச்சேரிகளுக்குப் போங்கள். பெரும்பாலும் டிக்கெட் இல்லை, கூட்டமும் குறைவு. முகக்கவசத்தோடு ஓரத்து இருக்கையில் உட்கார்ந்தால் எழுந்து வருவதும் எளிது. அக்குளுக்குக் கீழே வைக்க ஒரு சின்னத் தலையணை கொண்டுபோங்கள்.

17. தமாக்ஸிஃபென் மாதிரி ஹார்மோன் மாத்திரையால் திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும். பருத்திச் சேலை, தலைமாட்டில் பனையோலை விசிறி, சூடான காபிக்குப் பதில் ஆறின காபி. மாத்திரையைப் பல் தேய்க்கும் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தால் மறக்காது. தமாக்ஸிஃபென் சாப்பிடும்போது வழக்கத்துக்கு மாறாக உதிரம் பட்டால் உடனே சொல்லுங்கள்.

18. வெளியே போகத் தயக்கமாக இருந்தால் டவுன் பஸ்ஸில் ஆரம்பியுங்கள். தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஸ்டாப் போய், நூலகத்திலோ பூங்காவிலோ உட்கார்ந்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பலாம். களைத்தால் நடுவில் இறங்கினாலும் நஷ்டமில்லை.

19. கணவன் மனைவி நெருக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். வறட்சிக்கு நீர் சார்ந்த ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும். ஹார்மோன் கலந்த கிரீம் கேட்காமல் வேண்டாம். சிகிச்சையால் மாதவிலக்கு நின்றிருந்தாலும் கர்ப்பம் தரிக்க வாய்ப்பு உண்டு. சிகிச்சைக் காலத்தில் அது கூடாது.

20. "எப்படி வந்துச்சு? பரம்பரையா?" என்று கல்யாண வீட்டில் கேட்பவர்களுக்கு ஒரே பதிலை வைத்துக்கொள்ளுங்கள்: "வைத்தியம் நடக்குதுக்கா, நல்லா இருக்கேன். உங்க பொண்ணு எப்படி இருக்கா?" பேச்சு தானாகத் திரும்பிவிடும்.

21. பார்க்க வரும் உறவினர்களுக்கு: இந்த நோய் தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. உங்களுக்குச் சளி இருந்தால் மட்டும் போனில் பேசுங்கள். யார் யார் இதே நோயில் போனார்கள் என்ற கதை வேண்டவே வேண்டாம். ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் பதில் அவர்கள் பாதியில் விட்ட எம்பிராய்டரிக்கு நூல் வாங்கிப் போங்கள். போகும் முன் "என்ன கலர் வேணும்?" என்று போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.